சைப்ரஸ் அடியில் ஊற்றிய தண்ணீர்

சைப்ரஸ் மரம் பழுத்து உதிர்ந்து மறுபடி துளிர்க்கிற சாதி இல்லை. அதில் பழுப்பைப் பார்த்தால் ஏதோ நடக்கக் கூடாதது நடந்திருக்கிறது என்று பொருள். குன்னூருக்குக் கீழே எங்களுக்கு இருக்கும் அரை ஏக்கர் தேயிலையின் கடைசி ஓரத்தில், ஓடைக்குச் சற்று மேலே நின்ற மரத்தில் முதல் பழுப்பைக் கண்டது போன பனிக்காலத்தின் முடிவில். ஒரு கிளையின் நுனி மட்டும், துருப்பிடித்த ஆணியின் நிறம். பனி கருக்கியிருக்கும் என்று விட்டுவிட்டேன். இந்த மலையில் எது கருகினாலும் முதல் பழி பனிக்குத்தான். பனி போனது, வெயில் வந்தது. பழுப்பு மட்டும் கிளை கிளையாக, அவசரமே இல்லாமல் மேலே ஏறியது.

மரத்துக்கு நேர் கீழே ஒரு வீடு. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அக்காவின் தகரக் கூரை வீடு. ஒருநாள் வேலி ஓரம் வந்து நின்றார்.

"ஏனுங்க தம்பி, ஐப்பசி மழைக்குள்ள இதை வெட்டிருங்க. காத்தடிச்சா என் மண்டையிலதான் விழும்."

"உயிரோட இருக்கற மரம் அப்படியெல்லாம் விழாதுங்க்கா."

"இது உயிரோட இருக்குதா, சும்மா நிக்குதாங்க?"

மழைக்குள் தேற்றிவிடுகிறேன், இல்லாவிட்டால் நானே வெட்டிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் நம்பவில்லை. நானும் முழுசாக நம்பினேனா தெரியாது. ஆனால் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தவனுக்கு ஒரு குற்றவாளி வேண்டும்.

மேலே ரோட்டு வளைவில் சுற்றுலா பஸ்கள் முதல் கியரில் முக்கிக்கொண்டு ஏறும். கரும்புகை நேராக மரத்தின் முகத்தில் அடிக்கும். நான் தேடித் தேடிப் படித்தேன். மற்ற மரங்கள் இலையை உதிர்க்கும்போது விஷத்திலும் கொஞ்சத்தை உதிர்த்துவிடும். சைப்ரஸ், பைன் போன்றவை இலையை ஆண்டுக்கணக்கில் கழற்றாமல் வைத்திருப்பதால் அதில் படிந்ததும் கூடவே தங்கிவிடும். இது போதாதா? கலெக்டர் ஆபீஸுக்கு மூன்று பக்க மனு எழுதினேன். பஸ் புகை, பக்கத்துக் காரட் தோட்டத்தில் அடிக்கும் மருந்து, காற்றின் திசை, எல்லாம் எழுதினேன். உவமைகூட இரண்டு இருந்தது. மனுவில் உவமை எழுதுகிறவனுக்கு எந்த ஆபீஸில் பதில் வரும்?

ரோட்டை ஒட்டியே நின்ற வேறு இரண்டு சைப்ரஸ் மரங்கள், அதே புகையை இன்னும் கிட்டத்தில் குடித்துக்கொண்டு, பச்சையாக இருந்தன. தினமும் அவற்றைத் தாண்டித்தான் போனேன். பார்க்கவில்லை.

ஆடி மாதத்தில், தேயிலையில் கொப்புள நோய் வரும் ஈர நாட்களில், மருந்து அடிக்கும் அண்ணன் வழக்கம்போல வந்தார். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். பல வருடமாக எங்கள் செடிக்கு அவர்தான். செம்பு மருந்து அடித்து முடித்து, முதுகு டேங்கை இறக்கி, குழாய்த் தண்ணீர் விட்டுக் குலுக்கினார். அப்படியே தூக்கிக்கொண்டு போய் சைப்ரஸ் அடியில் கவிழ்த்தார். நீலப் பச்சைத் தண்ணீர். மண் அதை வாய் திறந்து குடித்தது.

"அண்ணே! என்ன பண்றீங்க?"

அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் குற்றமே இல்லை.

"டேங்க் கழுவுறேன் சார்."

"மரத்தடியிலயா?"

"நீங்கதான சார் சொன்னீங்க. ஓடையில கழுவுனப்ப அன்னைக்கி என்னா சத்தம் போட்டீங்க! கீழ ஆளுங்க குடிக்கிற தண்ணி, அந்த மரத்தடியில ஊத்துங்க, மரம் தாங்கிக்கும்னீங்க. அதுலருந்து ஒரு சொட்டு வேற எங்கயும் ஊத்தல."

பெருமையாகச் சொன்னார். எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஓடையைக் காப்பாற்றிய கதையை நானே எத்தனை பேரிடம் அளந்திருக்கிறேன்! வெயில் காலத்தில் களைக்கொல்லி, மழைக் காலத்தில் செம்பு. ஒவ்வொரு முறையும் டேங்க் கழுவிய தண்ணீர், அதே ஒரு முழ மண்ணில்.

இருவருமாகத் தோண்டினோம். நூல் நூலாக இருக்க வேண்டிய வேர்கள் கறுத்து, தொட்டால் நழுவின. செம்பு மண்ணை விட்டு எளிதில் போகாதாம். மேல்மண்ணை வாரிச் சாக்கில் கட்டி, நல்ல மண் போட்டேன். தினமும் மரத்தின் உச்சியைப் பார்த்தேன். புரட்டாசியில் உச்சியும் துருவாகிவிட்டது.

மரம் வெட்ட அனுமதி கேட்டு வனத்துறை ஆபீஸுக்குப் போனேன். விண்ணப்பத்தில் காரணம் எழுதும் இடத்தில் நடந்ததை எழுதத் தொடங்கினேன்.

"என்ன சார், கதை எழுதறீங்க?" என்றார் அங்கிருந்த எழுத்தர். "கீழ இருக்கற ஊட்டுக்கு ஆபத்துன்னு எழுதுங்க. அதுக்கு மேல அங்க எடம் இல்லீங்க."

எழுதினேன். ஐப்பசியின் முதல் மழைக்கு நான்கு நாள் முன்பு, கயிறு கட்டி, துண்டு துண்டாக இறக்கினார்கள். கூரைத் தகரம் ஒன்றுகூட நசுங்கவில்லை. அக்கா எல்லோருக்கும் டீ கொடுத்தார்.

அடுத்த முறை வந்த அண்ணன் அடித்து முடித்துவிட்டு, டேங்கை முதுகிலிருந்து இறக்காமல் நின்றார். ஓடையைப் பார்த்தார், வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இனிமே எங்க சார் கழுவுறது? இல்ல, முதுகுலயே இருக்கட்டுமா?"

"கழுவின தண்ணியையும் தேயிலை மேலயே பரவலா அடிச்சிருங்கண்ணே. ஒரே எடத்துல ஊத்த வேண்டாம்."

அவர் டேங்கை இறக்கினார்.

"அவ்வளவுதானா? இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்."

டேங்கில் தண்ணீர் பிடித்துக்கொண்டு தேயிலை வரிசைக்குள் ஏறிப் போனார். கீழே அக்கா, இத்தனை வருடம் நிழல் விழுந்த இடத்தில் கொடி கட்டித் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என் வீட்டு வராந்தாவில் அந்த மண் மூட்டைகள் இன்னும் இருக்கின்றன. எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை.