விட்டுவைத்த பாதி அடை

பச்சைத் தழை புகைகிற வாசனை வந்தால் இன்றைக்கும் நான் அண்ணாந்து மாடியைப் பார்ப்பேன். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிவந்த அப்பா, சென்னையை ஒட்டிய காட்டுப்பாக்கத்தில் அப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வாட்ச்மேன். மோட்டார் ரூமை ஒட்டிய தகரக் கொட்டகைதான் எங்கள் வீடு. ஐந்தாவதோடு நான் பள்ளிக்கூடத்தை நிறுத்திய வருஷம், மேல்மாடி சன்ஷேடில் மலைத்தேனீ கூடு கட்டியது.

"நீ மலைக்காரன்தானே, எடுத்துடு. முடியலைன்னா வேற ஆளு பாத்துக்கறோம்" என்றார் குடியிருப்புச் சங்கத்து செக்ரட்டரி. கூட்டுக்கு வேறு ஆளா, அப்பாவின் வாட்ச்மேன் வேலைக்கே வேறு ஆளா என்று எனக்குப் பயம்.

அம்மாவின் அண்ணன் மலையிலிருந்து வரும்வரை அப்பா கயிற்றைத் தொடவில்லை. எங்களில் பாறையில் கயிறு கட்டித் தேனுக்கு இறங்குகிறவனுக்கு மைத்துனன்தான் கயிறு பிடிப்பான். தங்கை தாலியை நினைத்து அவன் கை விடாது என்பார்கள். அதைக் கேட்டு, குடியிருப்புக்கு வந்துபோகும் பிளம்பருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்போ நான் புடிச்சா உட்டுருவேன்றியா அண்ணாத்தே? உன்ன கீழ போட்டு எனக்கு இன்னா கெடைக்கப் போவுது?"

மாமா கயிறு பிடிக்க, அப்பா பச்சைத் தழையில் புகை போட்டு மொட்டைமாடியிலிருந்து இறங்கி, தேன் இருந்த தலைப்பக்கத்தை மட்டும் அறுத்தெடுத்து, புழு இருந்த பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு ஏறிவிட்டார். "குஞ்சுப் பக்கம்" தொடுவதில்லை, அது மலை வழக்கம். கூட்டைக் கலைக்கத்தான் கூப்பிட்டார்கள் என்பது அவருக்கும் உறைக்கவில்லை, மாமாவுக்கும் உறைக்கவில்லை. வீடு வீடாகக் கிண்ணத்தில் தேன் கொடுத்தார். இரண்டொரு நாளில் தேனீக்கள் திரும்பி வந்து மிச்ச அடையில் உட்கார்ந்தன.

"தேனை எடுத்துட்டுப் பூச்சிய எங்களுக்கு விட்டு வச்சியா?" என்று கேட்டார் செக்ரட்டரி.

"புழு ரெக்கை மொளைக்கட்டும் சார், தானா போயிரும்."

"அதுவரைக்கும் எங்க புள்ளைங்க ஜன்னலத் தொறக்காம கெடக்கணுமா?"

மருந்து அடித்தார்கள். செத்த தேனீக்களை அம்மா முறத்தில் அள்ளினாள். அந்த வாரமே கொட்டகையைக் காலி செய்யச் சொன்னார்கள். கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அப்பா முன்னால் நடந்தார், நாங்கள் பின்னால்.

இப்போது அப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை. அந்தக் கயிறு எங்கே போனதென்று தெரியாது. பூந்தமல்லி ரோட்டில் ஒரு பெரிய குடியிருப்பில் நான் ஹவுஸ்கீப்பிங். சன்ஷேடில் எங்காவது கறுப்பாகத் தொங்கினால் முதலில் சூப்பர்வைசரிடம் சொல்வது நான்தான். வேறு யாராவது சொல்லி, "நீ ஏன் பாக்கலை" என்று கேட்டுவிட்டால் வேலை போய்விடுமே. மருந்து அடித்த மறுநாள் பெருக்கும்போது, விழுந்த அடையில் தேன் எந்தப் பக்கம், புழு எந்தப் பக்கம் என்று கை தானாகப் பிரித்துப் பார்க்கும். பிறகு இரண்டையும் ஒரே கவரில் போட்டுக் கட்டிவிடுவேன்.