எல்லா அறைக்கும் ஒரே பெயர்

ஒரு கணினித் திரை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதில் ஒரு விடுதியின் அறைகள் படம் படமாக இருக்கும். மல்லிகை, செம்பருத்தி, தாழம்பூ என்று விடுதிக்காரர் ஆசையாய்ப் பெயர் வைத்தவை. ஆனால் எந்தப் படத்தைச் சொடுக்கினாலும் கீழே ‘பாப்பா’ என்றுதான் வந்தது.

இரண்டாயிரங்களின் நடுவில், புதுச்சேரியில் ஒரு மாடி வீட்டில் நடந்த சின்ன மென்பொருள் அலுவலகத்தில் நானும் என் தோழியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தோடு பாரீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வேலை நிரந்தரமானால் நீ இங்கேயே இரு, இல்லையென்றால் மூட்டையைக் கட்டு என்று மகளிடம் சொல்லியிருந்தார். அவளுக்கு ஊரை விட மனசே இல்லை. அவள் செய்துகொண்டிருந்த அந்த விடுதியின் இணையப் பக்கத்தை மறுநாள் விடுதிக்காரர் பார்த்துத் திருப்தியானால்தான் வேலை நிரந்தரம் என்றிருந்தார் மேலாளர்.

“யாருடி இந்தப் பாப்பா?” என்றேன்.

அவளுக்கு முகமே மாறிவிட்டது. “நான்தான். வீட்ல அப்டித்தான் கூப்புடுவாங்க. இதுக்குள்ள எப்டி வந்துச்சுன்னு சத்தியமா தெர்ல.”

பயப்பட வேண்டியவள் அவள். எனக்கோ, உள்ளதைச் சொன்னால், ஆவல் தாங்கவில்லை. நிரலில் அறைகளைப் பற்றி எழுதிய இடத்தில் எங்கே தேடியும் பாப்பா இல்லை. மல்லிகை அறையிடம் நேராகப் பெயரைக் கேட்டால் ஒழுங்காக மல்லிகை என்றது. பெயரைக் காட்டும் அந்தச் செயலை, அதாவது அந்தக் கட்டளைத் துண்டை மட்டும் அறையிலிருந்து எடுத்து, மாறி என்கிற ஒரு பெட்டியில் போட்டு வைத்து, அப்புறம் அழைத்தால் பாப்பா. அறையின் செயல்தானே, அறையும் கூடவே வந்துவிடும் என்று இரண்டு பேருமே நம்பியிருந்தோம்.

அது வரவில்லை. ‘என் பெயரைக் காட்டு’ என்பது மட்டும்தான் அந்தச் செயலுக்குத் தெரியும். அந்த ‘என்’ யார் என்பது, யார் வழியாக அழைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அறை வழியாக அழைத்தால் அறை. வெறுமனே அழைத்தால், பக்கம் திறந்திருக்கும் உலாவி ஜன்னலே ‘நான்’ என்று முன்னால் வந்து நிற்கிறது. அந்த ஜன்னலுக்கு ஏதோ ஒரு பெயர் தேவைப்பட்ட அன்று, கைக்கு வந்ததைத் தட்டிவிட்டு மறந்திருந்தாள் இவள். கண்டுபிடித்ததும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

செயலை விட்டுவிட்டு அறையையே மாறியில் வைத்தோம், அதன் வழியாக அழைத்தோம். மல்லிகை மல்லிகையாயிற்று. விடுதிக்காரர் ஒவ்வொரு படமாகச் சொடுக்கிப் பார்த்துத் தலையாட்டினார். அவள் பெற்றோர் விமானம் ஏறினார்கள், அவள் ஏறவில்லை. அந்தப் பெயரைக் கிண்டலுக்குக்கூட வாயில் எடுக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

சில வருடங்கள் கழித்து, கல்யாணமாகி அவளும் பாரீசுக்குப் போய்விட்டாள். போன மாதம் தொலைபேசியில் பேசினாள். அப்பாவுக்குப் பின்னால் அம்மாவும் தவறிவிட்டார். அலுவலகத்தில் அவளைக் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், பிள்ளைகளுக்கு அவள் அம்மா. எனக்கு அந்தத் திரை ஞாபகம் வந்தது. சத்தியத்தை மீறி, “பாப்பா” என்றேன்.

கோபித்துக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன்.

“இன்னொரு வாட்டி கூப்புடு” என்றாள்.