சொம்பில் வெட்டிய பெயர்

திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் என் பட்டறைக்கு போர்டு கிடையாது. பாலிஷ் போடுகிற இடம் எது என்று கேட்டால் டீக்கடைக்காரர் கை காட்டுவார். முக்கால்வாசி கார் பாகங்கள்தான். மீதி பழைய பித்தளைப் பாத்திரம். கடைக்காரர்கள் எடைக்கு வாங்கி மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவருடைய பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். நம் ஊரில் பெயர் வெட்டாத பாத்திரம் ஏது? ஆனால் இன்னொருவர் பெயர் இருக்கும் பாத்திரத்தை யாரும் வாங்குவதில்லை. அதனால் எமரி சக்கரத்தில் பெயரைத் தேய்த்து எடுத்துவிட்டு, துணிச் சக்கரத்தில் பளபளப்பாக்கித் தருவது என் வேலை. எந்த வீட்டுப் பொருள் என்று நான் கேட்பதில்லை.

என் மனைவி மட்டும் அவள் அத்தா பெயர் வெட்டிய சீர்ப் பாத்திரங்களைப் பட்டறைப் பக்கமே விடமாட்டாள். “உங்க கை பட்டா எல்லாம் மொட்டையாயிடும்” என்பாள். இருபது வருடமாக அதை ஒரு கேலியாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

தாம்பரத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்த நண்பன் ஒருவன் இருக்கிறான். துரைப்பாக்கத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. சின்ன வயதில் ஏரியில் முட்டளவு தண்ணீருக்கே என் சட்டையைப் பிடித்துக்கொள்வான். நாற்பது வயதில் அவனுக்கு என்ன ஆனதோ, கோவளத்தில் போய் ஆழ்கடலில் மூழ்கக் கற்றுக்கொண்டான். அதிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவை இலங்கைக்குப் போய், இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து மூழ்கிய ஒரு சரக்குக் கப்பலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவான். வந்து ஒரு மாதத்துக்கு வாய் ஓயாது.

போன முறை வந்தபோது, செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை என் மேசையில் வைத்தான். சிப்பியும் சுண்ணாம்பும் ஏறி, கருவாட்டு நாற்றத்தோடு ஒரு உருண்டை. ஓரத்தில் மட்டும் பித்தளை தெரிந்தது.

கூட்டிப் போன படகுக்காரர் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறார்: கண்ணால் பார்க்கலாம், கை வைக்கக் கூடாது, உள்ளே இருந்தவர்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள். இவன் தலையை ஆட்டிவிட்டு இறங்கி, ஓர் அறைக்குள் சேற்றைக் கிளறி இதை எடுத்து இடுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டிருக்கிறான். பிறகு ஏர்போர்ட்டில் லுங்கிகளுக்கு நடுவே மறைத்துக் கொண்டுவந்த கதையை நடித்தே காட்டினான். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கேப்டன் அறைப் பூ ஜாடி என்று அவனே முடிவு கட்டியிருந்தான். பெருங்களத்தூரில் வாங்கிய புது ஃபிளாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம். அதற்குள் பாலிஷ் போட்டுக் கொடுத்தால் ஹாலில் பூ வைப்பான். காசு வாங்கமாட்டேன், பிரியாணி போடு என்றேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து, அந்த வேலையை நானே எடுத்தேன். வழக்கமாக முதலில் ஆசிட் தண்ணீரில் போடுவோம். இத்தனை வருடம் உப்பில் ஊறிய பித்தளை ஆசிட்டைத் தாங்காது என்று, ரொம்ப அக்கறையாக, நேரே எமரியில் பிடித்தேன். சுண்ணாம்பு வெள்ளைத் தூளாகப் பறந்தது. கழுத்து வெளியே வந்தது. நாலு விரல் உள்ளே போக, கட்டை விரல் வெளியே நிற்கும் கழுத்து. எந்த ஊர் வெள்ளைக்காரக் கேப்டன் சொம்பில் தண்ணீர் குடித்தான் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் அவனை ஓட்டுவதற்கு வார்த்தை தேடிக்கொண்டே சொம்பைத் திருப்பினேன்.

அப்போதுதான் புள்ளிகள் தெரிந்தன. சுண்ணாம்புக்கு அடியில் வரிசையாக, நம் எழுத்து.

பெயரைக் கண்டால் என் கை அழுத்தும். இருபது வருடப் பழக்கம் அது. கண் பார்த்து, மூளைக்குப் போய், நிறுத்து என்று சொல்வதற்குள் கை அழுத்திவிட்டது. இரண்டு மூச்சு நேரம் இருக்கலாம். சுவிட்சை அணைத்தபோது அந்த இடம் மழுமழுவென்று மின்னியது. கழுத்து மடிப்பில் ஒதுங்கியிருந்த முதல் எழுத்து மட்டும் தப்பியிருந்தது. ‘கா’.

அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளைக்காரன் கப்பலில் கரி அள்ளிப் போடவோ, சமைக்கவோ நம் பக்கத்து ஆள் ஒருவர் போயிருக்கிறார். போகும்போது வீட்டில் இருந்த சொம்பைக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். கப்பலில் பத்துப் பேர் சொம்பு கலந்துவிடும், மாறிப்போகக் கூடாது என்று பெயர் வெட்டியிருக்கிறார்கள். குண்டு அதை அழிக்கவில்லை. எண்பது வருட உப்பும் அழிக்கவில்லை.

குற்றம் செய்தவனுக்குக் கோபம் சீக்கிரம் வரும். நண்பனுக்கு போன் போட்டுக் கத்தினேன். அது பூ ஜாடி இல்லை, நம்ம ஊர் ஆள் சொம்பு, பேர் வெட்டியிருக்கிறது, நீ செத்தவர் வீட்டுக்குள் புகுந்து திருடியிருக்கிறாய் என்றேன். பெயர் என்ன ஆனது என்று மட்டும் சொல்லவில்லை.

சாயங்காலம் ஆபீசிலிருந்து நேரே வந்தான். சொம்பைத் துணியில் சுற்றி, மின்னும் பக்கம் கீழே இருக்கும்படி வைத்திருந்தேன். முதலில் அவனும் எகிறினான்.

“நான் எடுக்கலைன்னா அது அங்கேயே அரிச்சுப் போயிருக்கும் மச்சான். இல்ல, வேற எவனாச்சும் தூக்கினு போயிருப்பான். யாருக்கு இன்னா லாபம்?”

அவன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த ஆளின் வீட்டைத் தேடுவதற்காக எடுத்திருந்தால் நானே உன்னோடு ஊர் ஊராக வந்திருப்பேன், நீ பிளாஸ்டிக் பூ வைக்க அல்லவா எடுத்தாய் என்றேன். அவன் துணியை விலக்கி, சொம்பின் கழுத்துக்குள் நாலு விரலை விட்டுத் தூக்கினான். அப்படித் தூக்கியதும் அவன் முகம் மாறிப்போனது. அவன் வீட்டிலும் அதே மாதிரி ஒன்று இருந்திருக்க வேண்டும்.

அந்த ஆளின் வீட்டைத் தேடிக் கொடுக்கலாம், கிடைக்காவிட்டால் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிடுகிறேன் என்றான். பிறகு கேட்டான்.

“இன்னா பேரு மச்சான் போட்டிருந்துது?”

சொம்பை அவன் கையிலேயே திருப்பிக் காட்டினேன்.

“மீதி?”

“நான் தேய்ச்சுட்டேன்.”

அவன் என்னைத் திட்டியிருக்கலாம். அரை மணி நேரமாக அவனைத் திருடன் என்று கத்தியவன் நான். அவன் அந்த மழுங்கிய இடத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “தெரிஞ்சா செய்வ?” என்றான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு யாரைத் தேடுவது? கிரகப்பிரவேசத்துக்குப் போனேன். ஹாலில் ஜாடி இல்லை. பிரியாணியும் எனக்கு இறங்கவில்லை. மூன்று மாதம் கழித்து அவன் மறுபடி இலங்கைக்குக் கிளம்பினான். எடுத்து வந்தபோது பட்ட பயத்தைவிட, திருப்பிக் கொண்டுபோகும்போது அதிகம் பயந்தான். படகுக்காரரிடம் உண்மையைச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டானாம்.

கப்பல் இருக்கும் இடத்துக்குப் போன அன்று காலை, நான் பட்டறையைத் திறக்கும்போது அவனிடமிருந்து போன் வந்தது. படகில் இருந்தான். பின்னால் இன்ஜின் சத்தம்.

“எறங்கப் போறேன் மச்சான். சும்மா வெச்சுட்டு வர மனசு வரல. நீ ஓதறதா, நான் கற்பூரம் ஏத்தறதா?”

‘கா’வில் தொடங்கும் பெயர் எங்கள் ஆட்களிலும் நிறைய உண்டு. அவன் ஆட்களிலும் உண்டு. எந்த முறைப்படி அவரை அனுப்பிவைப்பது என்று அந்தப் பெயர் சொல்லியிருக்கும். அவன் அவர் இடத்திலிருந்து எடுத்ததை இதோ திருப்பி வைக்கப் போகிறான். நான் எடுத்ததைத் திருப்பி வைக்க எனக்கு வழியில்லை.

“இருக்கிறதைச் சொல்லு” என்றேன். “கா-ன்னு சொல்லி வெச்சுட்டு வா.”