பலெர்மோவில் ஒரு பகல்

கப்பல் பயணம் என் கணவரின் ஆசை. அவரோடு வேலை செய்த ஒருவர் மத்தியதரைக் கடலில் ஒரு கிழமை சுற்றிவிட்டு வந்து படங்களைக் காட்டியிருந்தார். தொண்ணூற்றேழில் எங்கள் கைக்குக் கனடியக் கடவுச்சீட்டு வந்ததும், மில்லிக்கனில் எங்கள் வீட்டுக் குசினி மேசை முழுக்கக் கப்பல் படம் போட்ட விளம்பரப் புத்தகங்கள். எனக்கு அதில் அவ்வளவு அக்கறை இல்லை. ஸ்காபரோவில் ஒரு பிளாசாவுக்குள் இருந்த பயண முகவரிடம் போனபோதும் சும்மாதான் பக்கத்தில் இருந்தேன். அந்தப் பெடியன் கப்பல் நிற்கும் ஊர்களை வாசித்துக்கொண்டு போனான். பார்சலோனா, மார்செய், நாப்போலி, பலெர்மோ.

"பலெர்மோவோ?" என்றேன்.

"ஓம் அன்ரி. காலமை எட்டு மணிக்குப் போய்ச் சேரும். பின்னேரம் ஆறு மணிக்குத்தான் வெளிக்கிடும்."

"அப்ப இந்தக் கப்பலிலையே போவம்," என்று என் கணவரிடம் சொன்னேன்.

பலெர்மோவில் என் தம்பி இருந்தான். நான் ஊரை விட்டு வந்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. பிறகு அவனும் வெளிக்கிட்டு, எங்கெங்கோ அலைந்து இத்தாலியில் நின்றுவிட்டான். கனடாவுக்கு வர இரண்டு முறை விசா கேட்டான், இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள். இடையில் ஊரில் அம்மா செத்துப்போனா. எங்கள் இருவராலும் போக முடியவில்லை. அன்று தொலைபேசியில் ஒருவருக்கொருவர் அழுகையை மறைத்து, "சாப்பிட்டியோ?" என்று கேட்டு வைத்துவிட்டோம்.

கப்பலில் முதல் சில நாட்கள் நன்றாகத்தான் போயின. ஒவ்வொரு துறைமுகத்திலும் ஊர் சுற்றிக்காட்டும் பஸ்ஸின் இலக்கத்தை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு இறங்குவோம். வழிகாட்டி மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்தபடி முன்னால் ஓட, நாங்கள் பின்னால் ஓடுவோம். என் கணவர் கண்டதையெல்லாம் படம் எடுத்தார். நான் பலெர்மோ வரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்று காலை நாங்கள் பஸ்ஸில் ஏறாமல், தம்பி வந்து நிற்பதாகச் சொல்லியிருந்த துறைமுக வாசலுக்கு நடந்தோம். வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். முன்பக்கம் மயிர் கொட்டிய, வயிற்றில் கொஞ்சம் வண்டி வைத்த ஒருவரைத் தாண்டிப் போய், தெருவின் இரண்டு பக்கமும் தம்பியைத் தேடினேன்.

"அக்கா," என்று பின்னால் குரல் கேட்டது. குரல் மட்டும் மாறவில்லை.

அவனும் என்னை முதலில் அடையாளம் காணவில்லை என்று பிறகு சொன்னான். அத்தானின் மீசையைப் பார்த்துத்தான் பிடித்தானாம்.

தம்பி எங்களுக்கு ஊர் காட்டுவதற்கென்று லீவு எடுத்திருந்தான். பெரிய சந்தை, பழைய அரண்மனை, பிறகு ஒரு தேவாலயம். அதற்குள் நுழைந்ததும் மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டோம். கூரை முழுக்கப் பொன்நிறக் கண்ணாடிச் சில்லுகள் பதித்துப் படங்கள்.

"உது எந்தக் காலத்துக் கோயில்?" என்று என் கணவர் கேட்டார்.

"எனக்கும் தெரியாது அத்தான். ஒன்பது வருசமா இந்த வழியாலதான் வேலைக்குப் போறன், வாறன். உள்ளுக்கு வாறது இண்டைக்குத்தான்."

என் கணவர் படம் எடுக்கப் போக, நானும் தம்பியும் ஒரு நீண்ட மர வாங்கில் போய் இருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவன், "அம்மா கடைசியா என்னைக் கேட்டவவோ?" என்றான். கேட்டா என்று சித்தி எனக்கு எழுதியிருந்தா. அதைச் சொன்னேன். அவன் அழுதான். நானும் அழுதேன். பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த ஒரு பெண் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஊரில் தேவாலயத்தில் அழுவது புதினமில்லை போலும்.

மத்தியானம் தான் வேலை செய்யும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். மாடி வீடு. தனியாக இருக்கும் ஒரு வயதான இத்தாலியப் பெண்மணிக்குச் சமைத்து, துப்புரவாக்கி, சந்தைக்குப் போய் வருவதுதான் அவனுடைய வேலை. அன்று அவவே சமைத்திருந்தா. கத்தரிக்காயைப் பொரித்துத் தக்காளியில் போட்டு வைத்த ஒரு கறி, சோறு, மீன். தம்பி பழக்கத்தில் கோப்பைகளை எடுக்க எழும்பினான். அவ அவனுடைய தோளைப் பிடித்து இருத்திவிட்டு ஏதோ சத்தமாகச் சொன்னா.

"இண்டைக்கு நானும் விருந்தாளியாம்," என்று அவன் தலையைக் குனிந்தபடி மொழிபெயர்த்தான்.

அவன் சின்ன வயதில் எப்படி என்று அவ என்னிடம் கேட்டா. பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் மாமரத்தில் ஒளித்திருந்தது, இறங்கத் தெரியாமல் கத்தியது, எல்லாவற்றையும் விபரமாகச் சொன்னேன். அவன் இத்தாலிய மொழியில் ஒரே வரியில் முடித்தான்.

"உவன் பாதியை முழுங்கிறான்," என்றார் என் கணவர். பிறகு தானே எழும்பி மரம் ஏறுவதுபோல நடித்துக் காட்டினார். அந்தப் பெண்மணி கண்ணில் நீர் வரச் சிரித்தா.

ஐந்து மணிக்குத் துறைமுகத்துக்குத் திரும்பினோம். வாசலுக்கு உள்ளே பயணிகளைத் தவிர எவரையும் விடவில்லை. "போய் இறங்கினவுடனை எடு, என்ன?" என்றான் தம்பி, தொலைபேசியைத்தான். மேல்தட்டில் இருந்து பார்த்தபோது கம்பிவேலிக்கு அப்பால் அவனுடைய வெள்ளைச் சட்டை தெரிந்தது. கப்பல் திரும்பும்வரை அங்கேயே நின்றான்.

அடுத்த வருடம் அவனுக்கு விசா கிடைத்தது. மூன்று கிழமை எங்களோடு நின்றான். தள்ளி விட்பியில் இருந்த சொந்தக்காரர்கூட வந்து, "இங்கையே நில்லடா, வேலை எடுத்துத் தாறம்," என்று மறித்தார்கள். அவன் சிரித்துவிட்டுத் திரும்பிப் போனான். "தமக்கையெண்டு நீ ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்," என்று எல்லோரும் என்னைத்தான் குறை சொன்னார்கள். நான் சொல்லவில்லை. அவன் அங்கே எப்படி இருக்கிறான் என்பதை நான் நேரில் பார்த்திருந்தேன்.