மரங்கொத்திகளின் ஒன்பதாவது ஆள்

சித்தப்பாவுக்குக் கார் ஒத்துக்கொள்ளாது, ஏறினால் வயிற்றைப் புரட்டிச் சத்தி வரும் என்று பத்து வயதுவரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஹனோவருக்கு வெளியே அவர் எங்கும் போகாததற்கு அம்மா சொன்ன காரணம் அதுதான். உண்மைக் காரணம் வேறு. அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை அவர் அனுமதியில்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. பிடிபட்டால் வழக்கே கெட்டுவிடலாம். இதையெல்லாம் என்னிடம் சொன்னால் மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிடும் என்று வீட்டில் பயந்தார்கள். பயம் நியாயமானதுதான்.

எங்கள் பகுதியில் ‘மரங்கொத்திகள்’ என்றொரு பேஸ்போல் அணி இருந்தது. ஜெர்மனியில் பேஸ்போலா என்று ஜெர்மன்காரர்களே கேட்பார்கள். ஒருநாள் பூங்காவில் பந்து வேலி தாண்டி எங்கள் காலடியில் வந்து விழுந்தது. சித்தப்பா எடுத்து எறிந்தார். யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் விளையாடிய கை. மைதானத்தின் மறுகரையில் நின்றவரின் கையுறைக்குள் பந்து ‘டப்’பென்று இறங்கியது. அணித்தலைவர் வேலியேறிக் குதித்து வந்து, அந்தக் கையை மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் ஒரு தபாற்காரர், பெயர் யோகன். அந்த ஜெர்மன் பெயர் எங்கள் வாய்க்குள் யோகன் ஆகிவிட, எனக்கு அவர் யோகன் மாமா ஆனார்.

அணியில் மொழிபெயர்ப்பாளர் நான்தான். “சித்தப்பா, இடப்பக்கம் தள்ளி நில்லுங்கோ!” என்று வலைக்குப் பின்னால் நின்று கத்துவேன். உள்ளூரில் வென்றார்கள். சித்தப்பா போகாத வெளியூர்களில் தோற்றார்கள். அது கடைசிப் பிரிவு. பார்க்க வருபவர்கள் ஆட்டக்காரரின் மனைவிமாரும் இரண்டு நாய்களும் மட்டுமே. எனக்கோ அதைவிடப் பெரிய அணி உலகத்தில் இல்லை.

அந்தக் கோடையில் அணி தேய்ந்தது. ஒருவர் வேலைக்காக மியூனிக் போனார், இன்னொருவருக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. ஒன்பது பேர் இல்லாமல் இரண்டு ஆட்டங்கள் கைவிட்டுப் போயின. மூன்றாவதும் போனால் அணியின் பெயரையே பட்டியலிலிருந்து வெட்டிவிடுவார்களாம். கடைசி ஆட்டம் மாவட்ட எல்லைக்கு அப்பால், ஹில்டெஸ்ஹைமில். அதற்கு முதல்நாள் பின்னேரம் யோகன் மாமா எங்கள் குசினிக்குள் வந்து தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். எட்டுப் பேர்தான் இருக்கிறோம் என்றார்.

“ஏலாது,” என்றார் அப்பா. “பிடிபட்டால் என்ன செய்யிறது?”

“பிடிபட்டால் அவுட்தானே அப்பா!” என்றேன் நான். ஒருவரும் சிரிக்கவில்லை.

சித்தப்பா தரையைப் பார்த்தபடி சொன்னார்: “அண்ணை, இவ்வளவு நாளும் என்னை ஒரு ஆளாய் எண்ணினது இவையள்தான். நான் போறன்.”

மறுநாள் காரில் இரண்டு பருத்த ஆட்டக்காரருக்கு நடுவே அவர் தாழ்ந்து உட்கார்ந்திருந்தார். பொலிஸ் வாகனம் ஒன்று எங்களை முந்தியபோது அவருடைய முகம் வெளிறியது. மடியில் தயாராக வைத்திருந்த பையை விரித்து நீட்டினேன்.

“வருதோ சித்தப்பா?”

“இல்லைப் பிள்ளை,” என்றார், முன்னால் மறைந்த வாகனத்தைப் பார்த்து மூச்சை விட்டபடி. “போயிட்டுது.”

ஆட்டத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கடைசிச் சுற்றில் நாங்கள் ஒரே ஒரு புள்ளி முன்னால். இன்னும் ஒருவரை வீழ்த்தினால் வெற்றி. எதிரணிக்காரர் அடித்த பந்து வேலியோரம் உருண்டது. அவர்களுடைய ஓட்டக்காரர் ஒருவர் கடைசித் தளத்தை நோக்கிப் பறந்துகொண்டிருந்தார். தொட்டுவிட்டால் சமநிலை. சித்தப்பா ஓடினார், குனிந்தார், நிமிரும்போதே எறிந்துவிட்டார். பந்து தரையில் படாமல் முழு மைதானத்தையும் கடந்து, கடைசித் தளத்தில் நின்ற யோகன் மாமாவின் கைக்குள் புகுந்தது. ஒரே புழுதி. நடுவர் முஷ்டியை உயர்த்தினார். அவுட்! நாய்கள் குரைத்தன. நான் வலையில் பாதிவரை ஏறிவிட்டிருந்தேன்.

அப்போதுதான் உள்ளூர்ப் பத்திரிகைக்காரப் பெண் கமெராவோடு வந்து, எறிந்தவர் யார் என்று கேட்டாள். யோகன் மாமா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். சித்தப்பாவின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். ஹனோவரில் எங்கள் வீட்டில் இருக்கிறார், அகதி விண்ணப்பம் போட்டிருக்கிறார், இன்னும் பதில் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

யோகன் மாமா உரக்கச் சிரித்தார். “இந்தப் பிள்ளை கதை கட்டுவதில் கெட்டிக்காரி. எறிந்தது நாங்கள் எல்லோரும்தான், அப்படியே எழுதுங்கள்,” என்றார். பெண் சித்தப்பாவை ஒருகணம் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டில் எழுதியதன்மேல் ஒரு கோடு கிழித்தாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பொய்க்காரர்! படத்துக்கு வரிசையாக நின்றபோது அவர் எல்லோரிடமும் ஏதோ முணுமுணுத்தார். கமெரா தயாரானதும் ஒன்பது பேரும் ஒரேயடியாகக் கையுறையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்கள்.

அணியின் பெயர் அந்த வருடம் தப்பியது. குளிர்காலத்தில் இன்னும் மூவர் விலக, தானாகவே கலைந்தது. எந்த ஊருக்கும் போகலாம் என்ற கடதாசி சித்தப்பாவுக்குக் கிடைத்தபோது, போய் விளையாட அணி இல்லை.

ஆட்டம் முடிந்த அந்த வாரம் பத்திரிகையில் வந்த படத்தை அப்பா வெட்டியெடுத்து, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யோகன் மாமாவைச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர் கொண்டுவந்த சொக்கிலேற்றை நான் தொடவேயில்லை. வளர்ந்த ஆட்கள் ஒன்பது பேர், ஒரு படத்துக்கு ஒழுங்காக நிற்கத் தெரியாமல் கெடுத்துவிட்டார்களே என்றுதான் எனக்குக் கோபம்.