கஸ்தூரி அசையாமல் நின்ற நேரம்

கஸ்தூரிக்கு நாற்பத்து நான்கு வயது. பெர்மாஸ் ஜெயாவில் வரிசை வீடு. பாசிர் கூடாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் வேலை செய்தவள். அவள் நின்ற பிரிவை மூடியபோது வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கணவன் விஜயன் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவான். சும்மா உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை.

வெயிலில் வெளுத்துப்போன தங்கள் பழைய காரின் பம்பரை ஒரு நாள் ஹீட் கன்னால் சூடாக்கிப் பார்த்தாள். சூடான காற்று பட்ட இடத்தில் பிளாஸ்டிக்குக்குள் கிடந்த எண்ணெய்ப் பசை மேலே வந்து, புதுசுபோலக் கறுத்தது. பக்கத்து வீட்டார் தங்கள் காரைக் கொண்டுவந்தார்கள். பிறகு அவர்களுடைய சொந்தக்காரர்கள். ஒரு வருடத்தில் அதுவே அவள் தொழிலாகிவிட்டது. கையை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் பிளாஸ்டிக் நெளிந்துவிடும்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, சிம்பாங் ரெங்கத்திலிருந்து ரூபேந்திரன் வந்தான். செம்பனைத் தோட்டத்தில் மேற்பார்வையாளன். அவனுடைய பிக்-அப் இருபது வருடப் பழசு. முன்கண்ணாடிக்கு அடியில், வைப்பர் நிற்கும் நீளமான பிளாஸ்டிக் தட்டு சாம்பல் பூசியதுபோல இருந்தது.

"ஒரு மாசமா கொட்டாயில சும்மா கெடந்துச்சுக்கா. பேட்டரி மாத்திட்டு நேரா இங்கதான் வர்றேன்."

சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, பானெட்டைத் தூக்கி வைத்து வேலையைத் தொடங்கினாள். பிக்-அப்புக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கத்தான் இடம். ரூபேந்திரன் கேட் ஓரமாக நாற்காலியில் இருந்தான். பாதித் தட்டு கறுத்தபோது மணி பதினொன்று. வியர்வையில் பாதுகாப்புக் கண்ணாடி மங்கியது. அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வைப்பருக்குப் பின்னால் இருந்த இடுக்கைச் சூடாக்கக் குனிந்தாள்.

இடுக்கிலிருந்து ஏதோ சீறியது. ஈரம் காய்கிற சத்தம் என்றுதான் நினைத்தாள். கறுப்பாக ஒரு தலை எழும்பிப் படம் விரித்தது. அவள் பின்வாங்குவதற்குள் இரண்டு கண்ணிலும் விஷத்தைப் பீய்ச்சி அடித்துவிட்டது.

"அலமாக்! பாம்புக்கா! நாகம்!" ரூபேந்திரன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

மிளகாயை அரைத்து அப்பியதுபோல எரிந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. ஹீட் கன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து, அவள் கணுக்காலைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தது.

"எங்க இருக்கு? சொல்லு!"

"எறங்குதுக்கா... டயர் மேல... உங்க காலுகிட்ட. நகராதீங்க!"

சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். தண்ணீர்க் குழாய் நாலே எட்டில் இருந்தது. கண்ணைக் கழுவ வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. கணுக்காலில் சூடு ஏறிக்கொண்டே போனது.

"அக்கா, கால் பொசுங்குது. உள்ள போயி சுவிட்ச அடைக்கிறேன்."

"போவாத! நீ போயிட்டா அது எங்க இருக்குன்னு எனக்கு யாரு சொல்றது? அங்கயே நின்னு பாரு."

அவன் நின்றான். வண்டியில் இருந்த பரங் கத்தியை எடுத்து வெட்டிவிடலாமா என்றான்; வேண்டாம் என்றாள். கண்ணீர் தாடையில் வழிந்தது. தோல் வேகும் வாடை அவளுக்கே அடித்தது. காலைத் தூக்கக்கூடாது, தூக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அவன் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையத் திருப்புது. நிக்குது. நகருது. மறுபடி நிக்குது.

"வண்டிக்கு அடியில போவுதுக்கா. அந்தப் பக்கம் போயிருச்சு. இப்ப வாங்க! சுவரப் புடிச்சிட்டே வாங்க, என் சத்தத்துக்கு வாங்க!"

அவள் கையை எட்டிப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போனான். குழாயைத் திறந்து முகத்தில் விட்டான்.

"கண்ணக் கசக்காதீங்க. தெறந்து வையிங்க, தண்ணி உள்ள போவட்டும்."

ஒரு கையால் தண்ணீர் விட்டுக்கொண்டே மறு கையால் போன் செய்தான். பொம்பா வண்டி வந்தது. தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர், ஹீட் கன்னின் சுவிட்சை அடைத்துவிட்டு, பிக்-அப்புக்குப் பின்னால் சுருண்டு கிடந்த பாம்பை இடுக்கியால் பிடித்துச் சாக்கில் போட்டார்கள். கைவிரல் தடிமன்தான் இருந்தது.

மருத்துவமனையில் மறுபடியும் கழுவி, கண்ணைக் கட்டினார்கள். கழுவியது நல்லதாய்ப் போயிற்று என்றார் டாக்டர். ஆறாம் நாள் பார்வை தெளிந்தது. கணுக்காலில் மட்டும் ஐம்பது காசு அளவுக்குத் தழும்பு நின்றுவிட்டது.

"போதும் லா, விட்டுரு," என்றான் விஜயன்.

"பாலத்துல தெனம் லோரிங்க உங்கள ஒரசிட்டுப் போவுது. நீங்க வேலைய விட்டீங்களா?"

ஆனால், வாயால் சொன்னதுபோல அவளுக்கு எளிதாக இல்லை. ஹீட் கன்னை எடுப்பாள், ஊதும் சத்தம் கேட்டதும் வைத்துவிடுவாள். இரண்டு வாரம் இப்படியே போனது. பாதி கறுப்பும் பாதி சாம்பலுமாக பிக்-அப் தோட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மீதி வேலையை எப்போது முடிப்பாள் என்று ரூபேந்திரன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் அவளே கூப்பிட்டாள். அவன் வந்து, தட்டைக் கழற்றி எடுத்து, அடியில் டார்ச் அடித்துக் காட்டினான். காய்ந்த சருகுகள்தான் கிடந்தன. கழற்றிய தட்டைத் திறந்த முற்றத்தில், மேசைமேல் வைத்துச் சூடாக்கினாள். நடுவில் கை ஒரு கணம் நின்றதில் ஓரத்தில் கொஞ்சம் நெளிந்துவிட்டது. அதை அவனிடம் காட்டினாள்.

"பரவால்லக்கா, வண்டியில பூட்டிரலாம்," என்றான்.

அவன் போனபிறகு தரையைக் கழுவிவிட்டு, காத்திருந்த வேறொரு வாடிக்கையாளருக்கு போன் செய்தாள். திங்கட்கிழமை காரைக் கொண்டுவரலாம் என்றாள்.