மணமேல்குடியில் மீன் இல்லாத மதியச் சாப்பாடு

அறந்தாங்கியிலிருந்து பைக்கில் மணமேல்குடி போனதே மீன் சாப்பாட்டுக்காகத்தான். கடற்கரையோரம் ஓர் அக்கா கீற்றுக்கொட்டகையில் நடத்தும் கடை.

இன்று இலையில் சாம்பாரும் கத்திரிக்காயும் மட்டும்தான் விழுந்தன.

"கடலுக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு மீன் இல்லையாக்கா?" என்று சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. "என் தம்பி மீன் புடிக்கப் போன போட்டு முந்தாநாளே திரும்பியிருக்கணும், இன்னும் வரலைங்க. அவன் கடல்ல கெடக்கையில மீனை அலச கை வரமாட்டேங்குது."

தலை குனிந்து சாப்பிட்டேன்.

மோர் ஊற்ற வந்தபோது அவர் போன் அடித்தது. காதில் வைத்தவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்ஜின் நின்னு போச்சாம். வேற போட்டுல கட்டி இழுத்துட்டு வாராங்களாம். தம்பியோட சேத்து நாலு பேரும் நல்லா இருக்காங்களாம்" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த நாங்கள் ஐந்து பேரும் எச்சில் கையோடு எழுந்து நின்றோம். ஏன் நின்றோம் என்று தெரியவில்லை.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உக்காந்து சாப்பிடுங்க, எலை காஞ்சு போகுது" என்றார்.

மணமேல்குடிப் பக்கம் எங்கே சாப்பிடலாம் என்று கேட்பவர்களுக்கு: இந்தக் கடைதான். மீன் இல்லையென்றால் என்னைப் போல் கேலி பேசாதீர்கள்.

நீங்களும் இப்படிச் சிரித்துவிட்டுத் தலைகுனிந்தது உண்டா?